250 எம்பிக்கு மூணு ராத்திரி

மஞ்சக்குட்டையில மூடுபனி இறங்குன ராத்திரி.
சேலத்துல பாகம் பாகமா வாங்கி, தானே பூட்டுன பழைய கம்ப்யூட்டர் முன்னாடி ஒருத்தர்.
அப்டேட் ஏறுது, நிக்குது, 80070643-னு பிழை எண் காட்டுது.

ரேமைக் கழட்டி ரப்பரால தேய்ச்சார். கேபிளை மாத்துனார். மின்வாரியத்தை மனசுக்குள்ள திட்டுனார். (யார் அந்த ஆளுன்னு கேக்காதீங்க.)

குத்தம் அங்க இல்ல. 2024 ஜனவரியில வந்த அந்த விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட்டுக்கு, டிஸ்க்ல ஒளிஞ்சிருக்கிற ரெக்கவரி பார்ட்டிஷன்ல 250 எம்பி காலியா இருக்கணும். பல மெஷின்ல இல்ல. உலகம் பூரா அதே பிழை எண்தான்.
மூணாவது ராத்திரி சி டிரைவைச் சுருக்கி, பார்ட்டிஷனைப் பெருசாக்குனதும் ஏறிடுச்சு.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் முடிஞ்சுது. 11-க்கு டிபிஎம் 2.0 வேணும். இந்த போர்டுல இல்ல.
லினக்ஸா, மறுபடி ரப்பரா?