குஞ்சு விட்ட முதல் வாரம்

பொரித்து ஒரு நாளான கறிக்கோழிக் குஞ்சு ஏறக்குறைய 40 கிராம் எடை இருக்கும். மேலே இறகு கிடையாது, வெறும் தூவிதான். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் வர அதற்கு இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை தாய்க்கோழியின் இறக்கைக்கு அடியில் கிடைத்திருக்க வேண்டிய கதகதப்பைக் கொட்டகையில் இருப்பவர்கள்தான் உண்டாக்கித் தர வேண்டும். பல்லடம், உடுமலை வட்டாரத்தில் இதைப் புரூடிங் என்கிறார்கள். ஆறாவது வாரம் வண்டி ஏறும் கோழி எடை தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் இந்த நாட்களிலேயே முடிவாகிவிடும்.

ஏற்பாடு குஞ்சு வண்டி வருவதற்கு முன்பே தொடங்குகிறது. தரையில் இரண்டு மூன்று அங்குலத்துக்குத் தென்னை நார்த்தூளோ உமியோ பரப்பி, அதன்மேல் செய்தித்தாள் விரிக்கிறார்கள். சுற்றிலும் ஒன்றரை அடி உயரத் தகரத்தை வட்டமாக நிறுத்துகிறார்கள். மூலை இருந்தால் குளிரிலோ பயத்திலோ குஞ்சுகள் அங்கே குவிந்து, அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். அதனால்தான் வட்டம். ஒரு வட்டத்துக்கு 250 முதல் 300 குஞ்சுகள். வழவழப்பான தாளை விரித்தால் கால் வழுக்கி, தொடை விரிந்து, குஞ்சு நடக்க முடியாமல் போகும். அது நோயல்ல, தாளின் கோளாறு. சூட்டுக்குக் குண்டு பல்பு, கரி அடுப்பு, கேஸ் புரூடர் என்று வசதிக்கு ஏற்ற வழிகள் உண்டு. பல்பு என்றால் குஞ்சு ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் வரை கணக்கு. கரண்டு மிச்சம் என்று எல்இடி மாட்டினால் வெளிச்சம் வரும், சூடு வராது.

முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைவு என்பது பயிற்சிக் கையேடுகளில் உள்ள கணக்கு. வெப்பமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிட வேண்டும். ஆள் நிற்கும் உயரத்தில் சுவரில் மாட்டினால் அது காட்டுவது ஆளுக்கான சூடு. ஆனாலும் பழகியவர்கள் வெப்பமானியை இரண்டாவதாகத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்ப்பது குஞ்சு நிற்கும் இடத்தை. அடுப்பைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டால் குளிர். தகரத்தோரம் ஒதுங்கி, வாயைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை விரித்துக் கிடந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று நுழைகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று இறங்கும் மாதங்களில் இந்த மூன்றாவது கோலம்தான் அடிக்கடி தென்படும். கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாவின் அடிவிளிம்பில் நாலு விரல் இடுக்கு இருந்தாலே போதும். வட்டம் முழுக்கப் பரவி, சில தின்றுகொண்டும் சில குடித்துக்கொண்டும் சில கால் நீட்டித் தூங்கிக்கொண்டும் இருந்தால் எதையும் தொட வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து இதைப் பார்ப்பது கொட்டகையோரம் குடியிருக்கும் கணவன் மனைவியின் வேலை. அவர்கள் கதவைத் திறக்குமுன் சற்று நின்று சத்தத்தைக் கேட்கிறார்கள். வயிறு நிறைந்த குஞ்சு மெல்ல முணுமுணுக்கும், குறையுள்ள குஞ்சுதான் உரக்கக் கத்தும்.

அடுத்த சோதனை கையில். ஒரு குஞ்சைத் தூக்கி அதன் பாதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பாதம் சில்லென்று இருந்தால் வெப்பமானி என்ன காட்டினாலும் கூளத்துக்கு அடியில் தரை குளிர்ந்து கிடக்கிறது. குஞ்சு விடுவதற்கு ஒரு நாள் முன்பே அடுப்பு மூட்டாததன் பலன் அது. பிறகு பெருவிரலும் ஆள்காட்டி விரலுமாக இரைப்பையைத் தொடுகிறார்கள். நிறைந்து குழைவாக இருந்தால் தீவனமும் தண்ணீரும் சேர்ந்து இறங்கியிருக்கின்றன. கெட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. ஒன்றுமே இல்லை என்றால் அந்தக் குஞ்சு தீவனத் தட்டை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. விட்டு 24 மணி நேரத்தில் நூற்றில் 95 குஞ்சுகளுக்காவது இரைப்பை நிறைந்திருக்க வேண்டும். ஏழாம் நாள் எடை வந்த எடையைப்போல் நான்கு மடங்கு என்பது அடுத்த அளவுகோல்.

சூட்டைக் காப்பதற்காகக் காற்றை அடைத்துவிடுவது மார்கழியில் எல்லாருக்கும் நேரும் தவறு. படுதாவை முழுக்க இறக்கிக் கரி அடுப்பையும் மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து குஞ்சுகள் சோர்ந்து சாகும். உள்ளே படுக்கும் ஆளுக்கும் ஆபத்து. நாளடைவில் ஈரக் கூளத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால் அளவு மீறிவிட்டது. அம்மோனியா மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கி, சளி நோய்க்கு வாசலைத் திறந்துவிடும். படுதாவின் மேல்பக்கம் ஒரு சாண் திறந்தே இருக்க வேண்டும். அதில் போகும் சூட்டை இன்னும் கொஞ்சம் கரி போட்டு ஈடுகட்டலாம்.

நோயை அடையாளம் காண முதல் துப்பு குஞ்சின் வயது. முதல் மூன்று நான்கு நாள் சாவில் பெரும்பங்கு தொப்புள் நோய். பொரிப்பகத்திலேயே மூடாத தொப்புள் வழியாக ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் ஏறும். வயிறு ஊதி, தொப்புளைச் சுற்றிக் கருநீலமாக, ஈரமாக இருக்கும். அறுத்துப் பார்த்தால் கரைந்து மறைந்துகொண்டிருக்க வேண்டிய மஞ்சள் கரு அப்படியே கலங்கி, நாற்றமடிக்கும். இதே நாட்களில் குளிர் பட்ட குஞ்சுக்கும் மஞ்சள் கரு சரியாக உள்ளிழுக்கப்படாது. ஆகவே இரண்டையும் பிரித்துச் சொல்வது எளிதல்ல. அறுக்கும்போது இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளை படிந்திருந்தால் அது கவுட். சிறுநீரகம் வேலையை நிறுத்தியிருக்கிறது. வண்டியில் நெடுநேரம் தண்ணீரில்லாமல் வந்ததும், வந்த பிறகு தண்ணீர் எட்டாததும் அதன் முக்கியக் காரணங்களில் சேரும். பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்துக்கொள்வது பெரும்பாலும் சூடும் குளிரும் மாறிமாறி அடித்ததன் விளைவு. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து எடுத்துவிட்டுச் சூட்டைச் சரிசெய்தால் தீரும். எச்சம் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டி, சாவும் தொடர்ந்தால் தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாக வரும் புல்லோரம் என்ற நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

முதல் வாரம் தாண்டும் சமயத்தில் சத்தமில்லாமல் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் குஞ்சுகள் தென்பட்டால் கூளத்தை முகர்ந்து பார்க்க வேண்டும். பூசணம் பிடித்த உமியிலும் நார்த்தூளிலும் இருக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகள் நுரையீரலில் கடுகளவு மஞ்சள் முடிச்சுகளாக வளரும். கரகர சத்தம் இருந்தால் சளி நோய், இல்லையென்றால் பூசணம் என்பது களத்தில் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. பூசணத்துக்கு ஆண்டிபயாட்டிக் எதுவும் செய்யாது, கூளத்தை மாற்றுவதுதான் வழி. மூன்றாம் வாரத்தையொட்டி எச்சத்தில் ரத்தம் கண்டால் ரத்தக்கழிச்சல். ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் அதன் ஒட்டுண்ணி ஓரிரு நாளில் அடுத்த குஞ்சைத் தொற்றத் தயாராகிவிடும். ஆம்புரோலியம் அதை அடக்கும், ஆனால் ஒழுகும் தண்ணீர் நிப்பிளைச் சரிசெய்யாமல் மருந்து ஊற்றுவது காசுக்குக் கேடு. ராணிக்கெட் நோய்க்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டும் லசோட்டா தடுப்பூசியும், இரண்டாம் வாரத்தில் கம்போரோ நோய்க்கான தடுப்பூசியும் வழக்கம். குடிதண்ணீரில் கொடுப்பதென்றால் அதில் குளோரின் இருக்கக்கூடாது.

எது வந்தாலும் முதல் ஐந்து நாள் ஆண்டிபயாட்டிக் ஊற்றிவிடும் பழக்கம் பல பண்ணைகளில் உண்டு. அவற்றில் ஒன்றான கொலிஸ்டினை 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்கு மத்திய அரசு தடை செய்தது. மனிதருக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கைகொடுக்கும் மருந்துகளில் அது ஒன்று. குளிரில் நடுங்கும் குஞ்சுக்கு மருந்து ஊற்றுவதால் குளிர் போய்விடாது.

முதல் வாரத்தில் நூற்றுக்கு ஒன்று சாவது இயல்பு. அதற்கு மேல் போனால் அது யார் கணக்கில் ஏறுகிறது என்பதில்தான் சிக்கல். ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகை, கூளம், கரி, கரண்டு, தண்ணீர், ஆள் எல்லாம் பண்ணையாளருடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. இறப்பு கூடினாலும் தீவனம் அதிகம் செலவானாலும் கூலி இறங்கும். தொப்புள் நோய் தொடங்குவது பொரிப்பகத்தில், குஞ்சு சாவதோ பண்ணையாளரின் கொட்டகையில். கம்பெனி சூப்பர்வைசர் வந்து பதிவு அட்டையில் எழுதுவது பெரும்பாலும் 'புரூடிங் சரியில்லை' என்ற ஒற்றை வரி. அந்த வரிக்கு மறுப்பு எழுத அட்டையில் இடமே விட்டிருக்க மாட்டார்கள். கரி விலை ஏறினால் கூலி அந்த வேகத்தில் ஏறுவதில்லை. கரி மிச்சம் பிடித்தால் சாவு ஏறுகிறது. கூலியைத் தீர்மானிப்பவர்களில் ஒருவர்கூட இரவு இரண்டு மணிக்கு எழுவதில்லை.

பண்ணையாளர் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் பதிவு. வண்டி வந்ததும் நாலைந்து பெட்டியின் குஞ்சுகளை எடைபோட்டு, தொப்புளைப் புரட்டிப் பார்த்து, ஓட்டுநர் கிளம்புமுன் ரசீதிலேயே எழுதி வாங்குகிறவர்கள் உண்டு. சாவு கூடினால் செத்துச் சில மணி நேரமே ஆன குஞ்சுகளோடு உயிருள்ள நோய்க்குஞ்சுகள் இரண்டு மூன்றையும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். செத்தவற்றைப் பாலித்தீன் பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. உறைந்தால் திசு கெட்டு ஒன்றும் தெரியாது. கூடவே பொரித்த தேதி, நாள்வாரியான சாவு, கொடுத்த மருந்து, தடுப்பூசி போட்ட நாள், இரவு நேரச் சூடு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.