பாலம் தாண்டினால் பேர் மாறும்

மகளின் பிரசவத்துக்காகத்தான் ஜெர்மனிக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல. கோர்லிட்ஸ் என்ற அந்த ஊர் நாட்டின் கிழக்குக் கோடியில், நைஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. அக்கரை போலந்து. 1945 வரை இரண்டு கரையும் ஒரே ஊர்தான். யுத்தம் முடிந்ததும் ஆறே எல்லையாகிவிட்டது. யுத்தத்தின் கடைசி நாட்களில் தகர்த்த பழைய பாலத்தைத் திரும்பக் கட்ட 2004 ஆயிற்று!

சாயங்காலம் பேத்தியைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து அந்தப் பாலத்தில் நடப்பேன். இக்கரையில் நாட்டின் பெயர் டாய்ச்லாந்து. அக்கரையில் கால் வைத்தால் அதே நாடு நியெம்ட்ஸி!

அங்கெல்லாம் பிள்ளை பெற்ற வீட்டுக்கு மருத்துவச்சி தேடி வருவார். செலவு இன்ஷூரன்ஸைச் சேர்ந்தது. எங்களுக்கு வந்தவர் போலந்துப் பெண்மணி. "உங்க பாஷையில ஏன் இப்படிப் பேர்?" என்று மகளை விட்டுக் கேட்டேன். சிரித்தபடி வாயைப் பொத்திக் காட்டினார். ஊமை என்று அர்த்தமாம்! நம் பேச்சுத் தெரியாதவன் ஊமை என்று அந்தக் காலத்து ஸ்லாவ் ஜனங்கள் வைத்த பெயர். 'டாய்ச்' என்பதற்கோ 'ஜனங்களுடைய' என்று பொருள். பாதிரிமாரின் லத்தீன் அல்ல, ஜனங்கள் பேசும் பேச்சு என்று பிரித்துக் காட்ட வந்த சொல். இவர்கள் பேச்சால் பெயர் பெற, பக்கத்து வீட்டுக்காரர் ஊமை என்கிறார், பாருங்கள்!

பிரெஞ்சுக்காரர்கள் அலமானி என்ற இனத்தாரை வைத்து அல்மாஞ் என்கிறார்கள். பின்லாந்தில் சாக்ஸன் இனத்தார் பெயரால் சாக்சா. நாம் சொல்லும் ஜெர்மனி ரோமானியர் வழக்கு.

இலக்கணமும் வேடிக்கைதான். நமக்கு நாடென்றால் அஃறிணை, தீர்ந்தது. ஜெர்மன் மொழியில் ஸ்விட்ஸர்லாந்து பெண்பால், நெதர்லாந்து பன்மை. போலந்து மொழியில் நியெம்ட்ஸியே பன்மை. ஜெர்மானியர்கள் என்றாலும் அதே சொல். 'ஜெர்மனியில்' என்றால் 'வ் நியெம்செஹ்' என்று உருவே மாறிவிடும். "மரம், மரத்தில் ஆகலையாம்மா, அது மாதிரி" என்றாள் மகள். சட்டென்று புரிந்தது.

ஒரு மத்தியானம் மகள் கடைக்குப் போயிருந்தாள், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு. இருபது நாள் குழந்தை. பால் குடிக்கவில்லை, உடம்பு அனலாய்க் கொதித்தது. நான் யாரைக் கூப்பிட்டு, என்னவென்று சொல்ல? குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். தமிழ்தான் வந்தது. நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். நியெம்ட்ஸி அன்று நான்தான்!

நல்லவேளை, அந்த அம்மாள் புரிந்துகொண்டு ஆம்புலன்ஸை அழைத்தார். நான்கு நாள் ஆஸ்பத்திரி வாசம். பிறகு குழந்தை தேறிவிட்டாள்.

அடுத்த முறை வந்த மருத்துவச்சி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, சொல்லச் சொல்லித் திருத்தினார். ஃபீபர், காய்ச்சல். ஹில்ஃபே, உதவி. கிண்ட், குழந்தை. தமிழில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மேலே 112, அவசரத்துக்கான எண். கீழே வீட்டு விலாசம்.