தேய்மானமும் ஒரு 'டொக்' சத்தமும்

காமர்ஸ் படிப்பவர்களுக்கு தேய்மானம் ரொம்ப சுலபமான கணக்கு. 2005-ல் 2 லட்சம் ரூபாய்க்கு ஒரு கார் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 15 சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறை. இருபது வருஷம் கழித்து ஏட்டில் நிற்பது சுமார் 7,750 ரூபாய். எந்தப் பாகம் தேய்ந்தது என்று ஏடு கேட்பதில்லை. ரோடு கேட்கும்!

வீராம்பட்டினத்தில் ஒரு அண்ணன். அவரிடம் அதே 2005 மாடல் மாருதி 800. மாதம் இரண்டு முறை அம்மாவை பின் சீட்டில் உட்கார வைத்து, அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் வழியாக கோரிமேடு ஜிப்மருக்குப் போய் வர அதுதான் துணை. ஒருநாள் முன்பக்கம் 'டொக்' என்றது. அடுத்த வாரம் இரண்டு 'டொக்'. ஒரு மாதத்தில் ஸ்பீட் பிரேக்கருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று கணக்காக வர ஆரம்பித்தது.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஷாக் அப்சார்பர் போச்சு" என்று முன்பக்கம் இரண்டையும் மாற்றினார்கள். பில் கட்டி வெளியே வந்த முதல் பள்ளத்திலேயே 'டொக்'. ஷாக் அப்சார்பர் புதுசு, சத்தம் பழசு.

அடுத்து போனது வயதான ஒரு மெக்கானிக்கிடம். அவர் கேட்ட முதல் கேள்வி: "சத்தம் எங்கேருந்து வருதுன்னு சொல்லாதே தம்பி. எப்போ வருதுன்னு சொல்லு."

விஷயமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. காரின் பாடி முழுக்க இரும்புத் தகடு. இடது சக்கரத்தில் எழும் சத்தம் வலது காலடியில் கேட்கும். காதை நம்பி இடம் சொன்னால் பாதி நேரம் தப்பு. ஆனால் நேரம் பொய் சொல்லாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டிக் டிக்' என்றால் சி.வி. ஜாயிண்ட். வேகம் கூடக் கூட 'ஊம்' என்று ஏறினால் வீல் பேரிங். இரண்டுமே சஸ்பென்ஷன் கிடையாது. சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் 'கடகட' என்றால் ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷையோ ஸ்ட்ரட் மவுண்டையோ பார்க்கலாம். மெதுவாகப் போகும்போது கட்டில் மாதிரி 'கிரீச்' என்றால் காய்ந்துபோன ரப்பர் புஷ். அதில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சத்தம் கொஞ்ச நேரம் நின்றால் ஆள் அகப்பட்டான். (கிரீஸ், எஞ்சின் ஆயில் தடவ வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.) பிரேக் போட்டவுடன் ஒரே ஒரு 'டொக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயிண்ட் மேல்தான் முதல் சந்தேகம்.

பெரியவர் முதலில் டிக்கியைத் திறந்து ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றையும் வெளியே வைத்தார். இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் உண்டாம். அப்புறம் முன் மூலையை மூன்று முறை அழுத்தி விட்டார். வண்டி ஒருதரம் எழும்பி அடங்கியது. ஆக ஷாக் அப்சார்பர் நலம்.

பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்தார். (வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் போகாதீர்கள், ப்ளீஸ்.) சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது. அண்ணனை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். பேரிங் தேய்ந்திருந்தால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றிருக்கும். நிற்கவில்லை. கடப்பாரையை லோயர் ஆர்முக்கு இடையில் கொடுத்து நெம்பினார். 'டொக்'! அதே சத்தம்.

மாருதி 800-ன் முன்பக்கம் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். எர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1940-களில் உருவாக்கியது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணில். செலவு குறைவு, இடம் மிச்சம் என்பதால் உலகத்துச் சின்னக் கார்களில் பெரும்பாலானவை இதைத்தான் எடுத்துக்கொண்டன. அந்தத் தூணின் அடிப்பக்கத்தை லோயர் ஆர்மோடு பிடித்துவைப்பது நெல்லிக்காய் அளவு ஒரு பால் ஜாயிண்ட். அது கழன்றால் சக்கரம் சாய்ந்துவிடும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. பின் சீட்டில் அம்மா இருந்ததை நினைத்ததும் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது.

கடலோர ஊர் வேறு. உப்புக் காற்று போல்ட்டை புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டவைத்துவிடும். காயில் ஸ்பிரிங்கில் பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு தின்று, ஒருநாள் படாரென்று உடையும். அடிப்பக்கத்தை அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவினாலே ஆயுசு கூடும். அன்றைக்கு அந்தப் போல்ட்டைக் கழற்றவே ஒரு மணி நேரம் ஆனது.

புது ஆர்மை மாட்டிய பெரியவர் இன்னொரு காரியம் செய்தார். வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்தில் பாரம் வந்த பிறகுதான் புஷ் போல்ட்டை இறுக்கினார். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கடைசியாக "அலைன்மெண்ட் பார்த்துடு, இல்லேன்னா டயர் ஒரு பக்கமா தேயும்" என்றார். செலவு, அந்த ஷாக் அப்சார்பர் பில்லில் பாதிகூட இல்லை.

ஆடி மாதம் செங்கழுநீரம்மன் தேர் வீராம்பட்டினம் வீதியில் வரும். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. அந்தத் தேருக்கு ஸ்பிரிங் கிடையாது, கடகடவென்று வந்தால்தான் தேர். காருக்கு அப்படி இல்லை. சத்தம் என்பது கார் அனுப்பும் நோட்டீஸ்.

சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்ததும் ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், தகுதிச் சோதனையும் உண்டு. ஆனால் பால் ஜாயிண்ட் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காது. வலது பக்க ஆர்மும் ஆறு மாதத்தில் சொல்லும் என்றிருக்கிறார் பெரியவர். அண்ணன் இப்போதே மாதம் கொஞ்சம் எடுத்து வைக்கிறார். நம் பாடத்தில் இதற்குப் பெயர் ஒதுக்கு. அவர் வைத்த பெயர், அம்மா உண்டியல்.