கற்றார் மீண்டும் கற்றல்

மருந்தைப் பற்றித் தனியே ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவனார், ஆங்கு மருத்துவனைக் குறிக்க எடுத்தாண்ட சொற்களுள் ஒன்று 'கற்றான்' என்பது. மருத்துவனுக்கு அதனினும் பொருத்தமான பெயர் வேறு யாது? கல்லாதான் கையில் நோயாளி அகப்படின் விளையும் கேட்டை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், இலக்கணம் அறிந்தார் ஈண்டு ஒரு வினா எழுப்பலாம். 'கற்றான்' என்பது இறந்தகாலங் காட்டுஞ் சொல். ஒருவன் சில ஆண்டுகள் கல்லூரியிற் பயின்று, தேர்விலே தேறி, பட்டமும் பெற்று, வாயிலிற் பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டானாயின், அவனது கல்வி முடிந்துவிட்டதோ? அதன்பின் முப்பது நாற்பது ஆண்டுகள் அவன் தொழில் நடத்தும் காலமெல்லாம் அச்சில ஆண்டுக் கல்வியே போதியதாகுமோ? பத்திராதிபர் அவர்கள், மாணவர்க்குப் பயன்படும் பொருளொன்றைப் பற்றி எழுதுமாறு எம்மைக் கேட்டபோது, எம் உள்ளத்தில் முதற்கண் எழுந்தது இவ்வினாவே.

யாம் இக்கல்லூரியிற் சில காலம் பயின்று, பின்னர் மருத்துவங் கற்று, தூத்துக்குடித் துறைமுகத்தை அடுத்துப் பல்லாண்டுகளாகத் தொழில் செய்து வருகின்றோம். எமது துறை, கத்தி எடுத்து அறுக்கும் துறையன்று. காய்ச்சல், இருமல், நெஞ்சுநோய், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலாய உட்பிணிகளைப் பார்க்கும் பொது மருத்துவமே. இத்துறையில் மருத்துவனுக்கு முதற் கருவி கண்ணும் காதும் கையும். அதனினும் சிறந்த கருவி, தக்க வினாவைத் தக்க சமயத்திற் கேட்கும் அறிவு. அவ்வறிவோ, புதுக்கப்படாவிடில் மழுங்கும் இயல்பினது.

எம் ஊர்க் கடற்கரையை ஒருமுறை நோக்குமின். உப்பளத்து வெயிலில் நாள் முழுதும் நின்று உடல் நீர் வற்றியவர் ஒருபுறம். துறைமுகத்தில் நிலக்கரித் தூசியிடையே உழைப்பவர் ஒருபுறம். வாரக்கணக்கிற் கடல்மேற் சென்று, உண்ண வேண்டிய மருந்தைக் கரையிலே மறந்துவிட்டுத் திரும்பும் மீனவர் ஒருபுறம். இவர்களுடன் சங்கு குளிப்போரும் எம்மை நாடி வருகின்றனர். இவர்கள் நோய்களுட் பல, பாடநூலின் அத்தியாயப்படி ஒழுங்காக வருவன அல்ல. தொழில் மாறுந்தோறும் நோயும் மாறி வருகின்றது. இதற்குச் சங்கு குளிப்போர் வரலாறே தக்க சான்றாகும்.

முற்காலத்து முத்துக் குளிப்போன் மூச்சை அடக்கிக்கொண்டு, கல்லொன்றில் கால் வைத்து, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் இறங்குவான். கயிறு பிடிப்போன் மேலே விழிப்பாக நிற்பான். ஏறத்தாழ ஒரு நிமிஷத்தில் அவன் மேலே வந்தாக வேண்டும். அவனுக்கு நேரும் துன்பம் பெரும்பாலும் காதுவலி, செவிப்பறைக் கிழிவு, மூச்சுத் திணறல், மயக்கம் என்பனவாம். மன்னார் வளைகுடாவின் நம் கரையில் 1961-ஆம் ஆண்டிற்குப் பின் முத்துக் குளிப்பு நிகழவில்லை. சங்கு குளித்தல் மட்டும் நின்றபாடில்லை. ஆனால் இப்போது பலரும் மூச்சடக்கி இறங்குவதில்லை. படகிலுள்ள கம்ப்ரசர் என்னும் இயந்திரம் காற்றை அமுக்கிக் குழாய் வழியே அனுப்ப, அதனைச் சுவாசித்துக்கொண்டு நெடுநேரம் கடலடியிற் சங்கு தேடுகின்றனர்.

இதனால் விளையும் மாறுதல் யாது? நீரில் ஏறத்தாழ 10 மீட்டர் இறங்குந்தோறும், வளிமண்டலத்தின் அழுத்தம் ஒரு மடங்கு கூடும். காற்றிற் பெரும்பகுதியாகிய நைட்ரஜன் வாயு, அவ்வழுத்தத்தால் இரத்தத்திலும் தசையிலும் நரம்பிலும் மிகுதியாகக் கரைகின்றது. மூச்சடக்கிச் சிறிது நேரமே மூழ்குவோன் கொண்டுசெல்வது ஒரு மார்பளவுக் காற்றே ஆதலின், அவனுக்கு இத்தீங்கு அரிது. குழாய்க் காற்றை நெடுநேரம் சுவாசித்தவன் விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்தபோது நுரை பொங்குமாறுபோல, கரைந்த வாயு குமிழிகளாக வெளிப்படும். அக்குமிழிகள் மூட்டிற் புகின் வலி; முதுகெலும்பின் நரம்புத்தண்டிற் புகின் கால்கள் மரத்துச் செயலறும்; சிறுநீரும் கட்டும். இதன் காரணத்தை 1878-இல் பிரெஞ்சு அறிஞர் போல் பெர்ட் விளக்கினார். படிப்படியாகத் தங்கித் தங்கி மேலேறுதலே காப்பு என்பதை 1908-இல் ஹால்டேன் என்பார் கணக்கிட்டு வகுத்தார். உண்மை அறியப்பட்டு நூறாண்டிற்கு மேலாயிற்று. அது எம் கரையிலுள்ள ஒவ்வொரு மருத்துவர் செவிக்கும் எட்டியதா என்பதே கேள்வி.

இக்கடற்கரை மருத்துவர் சிலர் மாதந்தோறும் ஓர் மாலையிற் கூடி, தாம் கண்ட நோயாளர் நிலையை ஒருவர்க்கொருவர் எடுத்துரைப்பது வழக்கம். யாமும் செல்வதுண்டு. ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்து இளைஞர் ஒருவர், சங்கு குளிக்கும் ஒரு தொழிலாளியின் வரலாற்றைச் சொன்னார். கடலிலிருந்து ஏறிய அன்று மாலையே அவருக்கு இடுப்பில் வலியும், பின் கால்களில் மரமரப்பும் உண்டாயின. வாதம் என்று எண்ணிய வீட்டார் தைலந் தடவினர். வேறோரிடத்தில் வலிக்கு ஊசியும் போடப்பட்டது. எத்தனை பாகம் இறங்கினாய், எத்தனை முறை இறங்கினாய், எவ்வளவு நேரம் அடியில் இருந்தாய், எவ்வாறு மேலேறினாய் என்று அவரை எவரும் கேட்டிலர். அவ்விளைஞர் கேட்டார். உடனே பிராணவாயு கொடுத்து, அழுத்த அறையுள்ள இடத்திற்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஆயினும் இரண்டு நாள் கடந்துவிட்டமையால், அத்தொழிலாளி இன்று கோலூன்றியே நடக்கின்றார்.

அம்மாலைக் கூட்டத்திற் பெரிய பிரசங்கம் ஏதும் நிகழவில்லை, படக்காட்சியும் இல்லை. அங்கிருந்த இருபதின்மரும் அந்நான்கு வினாக்களை மனத்திற் பதித்துக்கொண்டு வீடு திரும்பினோம். அதன்பின் மூட்டுவலி என்று வரும் கடல் தொழிலாளி எவரையும், அவ்வினாக்களைக் கேளாமல் யாம் அனுப்புவதில்லை. மருத்துவர்க்குரிய தொடர்கல்வி என்று பெரும்பெயரிட்டு வழங்குவதன் சாரம் இதுவே என்பது எம் துணிபு. ஒருவர் கண்டது இருபதின்மர் கண்டதாதல் வேண்டும். அடுத்த நோயாளிக்கு அதன் பயன் கிட்டுதல் வேண்டும்.

புதிய நோயைக் கற்பது ஒன்று. பழைய நோய்க்குக் கற்ற பாடம் மாறியதை அறிவது மற்றொன்று. இரண்டாவதே கடினம். ஏனெனில் அறியாததை அறிவதினும், அறிந்ததாக எண்ணியிருப்பதை விடுதல் அரிது.

வாந்திபேதியை எடுத்துக்கொள்வோம். முத்துக் குளிப்புக் காலத்திற் பல்லாயிரவர் கூடும் கடற்கரைப் பாளையங்களில் மக்கள் பெரிதும் அஞ்சிய கொள்ளைநோய் அது. நரம்புவழி நீரேற்றுதலே உயிர்காக்கும் வழி என்று மருத்துவர் பல்லாண்டு கருதியிருந்தனர். 1971-இல் வங்கப் போரின்போது, போங்காவ் அகதி முகாமில் அந்நீர் போதாமற்போகவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். அங்கு 100-க்கு 30 என்னும் அளவிலிருந்த சாவு, 4-க்கும் கீழே இறங்கியது. தாய்மாரும் உடன்வந்த உறவினருமே அந்நீரைப் புகட்டினர்.

க்ஷயரோகமும் அத்தகையதே. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915-இல் மிஷன் சபைகள் கூடி நிறுவிய ஆரோக்கியசாலை போன்ற இடங்களில், நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமும் பெற்றுப் பல மாதம் தங்குதலே சிகிச்சை எனக் கொள்ளப்பட்டது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியில், 193 நோயாளர் இரு பகுதியினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் ஆரோக்கியசாலையிலும், மற்றப் பகுதியினர் தத்தம் சிறு வீடுகளிலும் ஓராண்டு ஒரே மருந்தை உண்டனர். 1959-இல் வெளியான முடிவு உலகை வியக்கச் செய்தது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அவ்வளவே நன்கு குணமாயினர். அவர்தம் குடும்பத்தார்க்கும் நோய் மிகுதியாகப் பற்றவில்லை. ஏழை ஒருவன் வேலையையும் மனைவி மக்களையும் விட்டுப் பிரியாமலே பிழைக்கலாம் என்பது சென்னை மாநகரிலிருந்து உலகு கற்ற பாடம். அதனை அறிந்துகொள்ளாத மருத்துவர், நோயாளியை வீணே வீட்டினின்றும் பிரித்திருப்பார்.

அண்மைக் காலத்தினின்றும் ஒன்று கூறுவோம். புதரிலும் புல்லிலும் வாழும் நுண்ணிய உண்ணிப்பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சல். அக்குளிலோ தொடையிடுக்கிலோ சுருட்டுச் சூடுபோன்ற கரும்புண் ஒன்று காணப்படலாம். ஆடை நீக்கித் தேடாத மருத்துவர்க்கு அது தோன்றாது. பெனிசிலின் இனத்து மருந்துகள் இதற்குப் பயன்படா. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்பன பயன்படும். நோய் கடுமையாகியவிடத்து எதனைக் கொடுப்பது என்பதை வேலூர் மருத்துவர் முன்னின்று, 7 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 800 நோயாளரிடம் ஆராய்ந்து, 2023-இல் முடிவை வெளியிட்டனர். சாவு, நீங்காத சிக்கல், தணியாத காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தவர், ஒரு மருந்து மட்டும் பெற்றோருள் 100-க்கு 47, 48 பேர். இரண்டையும் சேர்த்துப் பெற்றோருள் 33 பேர். சாவின் தொகையில் மட்டும் வேற்றுமை காணப்படவில்லை. 2022-இற் பட்டம் பெற்ற இளைஞரும், மறு ஆண்டே புதிதாகக் கற்கவேண்டியவரானார் என்பதைக் காண்க.

இனி, கல்வியைக் கொண்டுசேர்க்கும் வழியைச் சிறிது நோக்குவோம். கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில், 1847-இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் இதனை நன்கு உணர்ந்திருந்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், தம் மாணாக்கர் தம் மக்களிடையே தொழில் செய்தல் வேண்டுமெனின் தமிழே ஏற்ற மொழி என்று துணிந்தார். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவ வைத்தியம் ஆகியவற்றோடு, உட்பிணிகளுக்குரிய 'வைத்தியாகரம்' என்னும் நூலும் 1872-இல் தமிழிலே வெளிவந்தது. 1873-இல் அவர் தாயகம் திரும்பினார். அதன்பின்னும் நோய்வாய்ப்பட்ட நிலையில் மொழிபெயர்ப்பை விட்டாரல்லர். ஊர் மருத்துவரின் மேசையில் தமிழிலே ஒரு கைந்நூல் கிடக்குமாயின், கல்லூரிக்குத் திரும்பாமலே அவர் கற்கலாம் என்பது அன்றைய நம்பிக்கை. செவிலியரும் கிராம சுகாதாரப் பணியாளரும் உடனிருந்து கற்கவேண்டிய இக்காலத்தும் அந்நம்பிக்கை பழுதுபடவில்லை.

இக்காலத்து ஏற்பாடுகளும் இல்லாமலில்லை. இந்தியப் பொது மருத்துவர் சங்கம் 1944-இல் தோன்றிக் கூட்டமும் பத்திரிகையும் நடத்தி வருகின்றது. தூத்துக்குடியிலேயே 2000-த்தில் அரசினர் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பணியில் இருப்போர் தம் ஊரை விட்டகலாமலே குடும்ப மருத்துவம் பயில வழி வகுத்துள்ளது. ஐந்தாண்டிற்கு 30 மணி நேரமேனும் இத்தகைய கல்வி பெறுதல் வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2002-இல் விதி செய்தது. விதி நன்றே. ஆனால் மணிக்கணக்கு வேறு, கல்வி வேறு. கையொப்பமிட்டு, உணவருந்தி, சான்றிதழ் பெற்றுத் திரும்புவோரும் உளர். மருந்து விற்போர் செலவில் நடக்கும் கூட்டத்தில் விற்பனைக்குரிய மருந்தே பாடமாய்விடும் இடரும் உண்டு. அதனாலன்றோ மருந்து நிறுவனங்களிடம் பரிசிலும் பயணச் செலவும் பெறலாகாதென 2009-இல் அக்கழகம் விதியிற் சேர்த்தது?

எமக்கு இதனினும் பெரிய கவலை ஒன்றுண்டு. நகரத்திற் கூட்டம் கூடும்போது, கடற்கரைச் சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையத்துத் தனி மருத்துவர் வருதல் எங்ஙனம்? அவர் எழுந்து வந்தால் அங்குள்ள நோயாளரைப் பார்ப்பார் யார்? குளிப்போன் கரையேறி முதலில் காண்பது அவரையே. பெரிய மருத்துவமனைப் பேராசிரியரையன்று. எனவே, அவரை நகரத்திற்கு அழைப்பதினும், கல்வி அவரிடம் செல்லுதலே முறை. பேராசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை அங்கே சென்று, அங்குள்ள நோயாளர் பக்கத்திலேயே அமர்ந்து பேசலாம். அனுப்பப்பட்ட நோயாளிக்கு முடிவு யாதாயிற்று என்பதை எழுதி, அனுப்பியவர்க்கே திருப்பித் தெரிவிக்கலாம். இவ்விரண்டாவதற்கு ஒரு தாளும் சிறிது மனமுமே செலவு. தான் அனுப்பிய நோயாளியின் கதி அறியாத மருத்துவர், விடைத்தாளைத் திரும்பக் காணாத மாணவரை ஒப்பார்.

மாணவ நண்பர்களே, உங்களுட் சிலர் நாளை மருத்துவராகலாம். ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் விடை தெரியாத வினா ஒன்றேனும் அதில் எழுதி, உறங்குமுன் விடை தேடுங்கள். நும்மினும் இளையாரிடமும் செவிலியரிடமும் கேட்க நாணாதீர்கள். மருத்துவராகாத ஏனையோர்க்கும் ஒரு கடமை உண்டு. நும் தந்தையரோ தமையன்மாரோ நோயுற்று மருத்துவரிடம் செல்லும்போது, அவர்கள் செய்யும் தொழில் இன்னதென்று, கேளாவிடினும் முந்திச் சொல்லுங்கள். உப்பளமா, துறைமுகமா, கடலடியா என்னும் ஒரு சொல், பல சோதனைகள் காட்டாததைக் காட்டிவிடும். அச்சொல்லைக் கேட்டுச் சிந்திக்கும் மருத்துவர் அன்றும் ஒரு பாடம் கற்றவராவர்; நோயாளியும் உரிய காலத்தில் உரிய சிகிச்சை பெறுவர்.