மாத்திரைக்கும் மொழி வேண்டும்

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், குப்பத்தை ஒட்டியிருக்கிறது குடுபல்லி. ஒரு பக்கம் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். கொஞ்ச தூரத்தில் தமிழகத்தின் கிருஷ்ணகிரி. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் கன்னடம் என்று ஒரே நாளில் மூன்று மொழிகள் பேசுவது இந்தப் பகுதியில் சகஜம். மனநோய்க்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால், குப்பத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இரண்டு வழிகள். ரயிலில் சுமார் 100 கி.மீ. பயணம் செய்து பெங்களூர் நிம்ஹான்ஸ். அல்லது வேலூர் சி.எம்.சி.

மருத்துவர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம். மருந்துச் சீட்டு மட்டும் எப்போதும் ஆங்கிலத்தில்தான். சாதாரணத் தலைவலி மாத்திரை என்றால் இது பெரிய விஷயமில்லை. மனநோய் மருந்துகளின் கதை வேறு.

லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய்க்கு, 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் கண்டறிந்த பயன் இன்றும் பொய்க்கவில்லை. ஆனால் குணப்படுத்தும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள். உடலில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவைக்கும். சித்திரை வெயிலில் வயல்வேலை, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, நாட்டு மருந்துக்காக உப்பில்லாப் பத்தியம், மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் — இவற்றில் எது வந்தாலும் ஆபத்துதான். கை நடுங்கும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும். “குடித்துவிட்டு வந்திருக்கிறான்” என்று ஊர் சொல்லும். இத்தனைக்கும் உப்புக்குத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பெயர் உப்புதான். அந்த ஒரு சொல்லை யாராவது சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவே.

குளோசபைன் இன்னொரு உதாரணம். 1975இல் ஃபின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் 8 பேர் வெள்ளணுக்கள் சரிந்து இறந்தார்கள். பல நாடுகள் மருந்தை ஓரங்கட்டின. 1988இல் வெளியான அமெரிக்க ஆய்வு அதை மீட்டது. வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சிதைவு நோயாளிகளில் 30 சதவீதம் பேர் குளோசபைனில் தேறினார்கள். பழைய மருந்தில் தேறியவர்கள் 4 சதவீதம்தான். அதன் பிறகு ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு மருந்து திரும்பி வந்தது. வெள்ளணு ஆபத்து முதல் சில மாதங்களில்தான் அதிகம் என்பதும் தெளிவாகியிருக்கிறது.

இப்போது கவலை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது: மலச்சிக்கல். கவனிக்காமல் விட்டால் குடல் அசைவே நின்று உயிருக்கு ஆபத்தாகலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. வெள்ளணுவை ஆய்வுக்கூடம் எண்ணிவிடும். இதை நோயாளிதான் சொல்ல வேண்டும். அம்மா பக்கத்தில் நிற்க, தெரியாத மொழி பேசும் டாக்டரிடம், வாலிபப் பையன் எப்படிச் சொல்வான்? அவன் சொல்ல மாட்டான் என்று தெரிந்து கேட்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

பேச்சின் பலம் மருந்தோடு முடிவதில்லை. எண்பதுகளில் சண்டிகரில் நோயாளிகளின் குடும்பத்தினர் பேசுவதைப் பதிவு செய்து லண்டன் குடும்பங்களோடு ஒப்பிட்டார்கள். சண்டிகர் வீடுகளில் குத்தல் பேச்சு கணிசமாகக் குறைவு. வெறுப்போடு பேசிய வீடுகளில் நோய் திரும்புவது அதிகம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. 1957இல் தொடங்கிய மனநல மையம், உறவினரையும் நோயாளியுடன் தங்கவைத்தது. சேர்ந்து தங்கும் அம்மாவுக்கு அங்கேயே எல்லாம் புரிந்துவிடுகிறது: எந்த மாத்திரை, எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவின்படி, சிகிச்சையையும் அதன் தெரிந்த பக்கவிளைவுகளையும் தனக்குப் புரியும் மொழியில் அறிந்துகொள்வது நோயாளியின் உரிமை. கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

பக்கவிளைவுக்குப் பயந்து மருந்தைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் மோசம். நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். குடுபல்லியிலிருந்து மகனோடு ரயிலேறும் தாய் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்: இந்த மருந்து எதற்கு? எது நடந்தால் உடனே ஓடிவர வேண்டும்? இதோடு எதைச் சாப்பிடக்கூடாது? எந்த மொழியில் கேட்டாலும், அவளுக்குத் தெரிந்த மொழியில் பதில் வர வேண்டும். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. நாலு வரி எழுத அதில் இடமுண்டு.