கிழவி வருகிறாள், மூச்சு விடாதே!

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எங்கள் அடி அண்ணாமலைச் சிறுவர் சிறுமியரோ சில ஆண்டுகளாக ஒரு கிழவிக்கு நடுங்கி வருகிறார்கள். அவள் மலைக்காட்டில் இருப்பவள் அல்லள். புளியமரத்தில் தொங்குபவளும் அல்லள். அம்மாவின் கைபேசிக்குள் குடியிருப்பவள். அவள் பெயர் கிரானி.

நாங்கள் ஐவர். ஐவரும் பத்தாம் வகுப்பு. ஐவரும் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே உள்ள அடி அண்ணாமலையிலிருந்து பேருந்தேறிப் பள்ளிக்கு வருபவர்கள். ‘உங்கள் பொழுதுபோக்கைப் பற்றி எழுதிக் கொடுங்கள்’ என்று ஆண்டு மலருக்காகத் தமிழம்மா கேட்டபோது, தோட்டம் போடுதல் என்றும் தபால்தலை சேர்த்தல் என்றும் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. எங்களில் யாரும் இதுவரை ஒரு தபால்தலையைக் கூடச் சேர்த்ததில்லை. எனவே உண்மையையே எழுதுகிறோம். எழுதிய கை ஒன்று, கருத்து ஐவருடையது. அதிலும் மூன்று கருத்துகளில் இன்னும் சண்டை தீரவில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் தொடக்கப் பள்ளிச் சிறுமியர். பாடம் கேட்பதற்காக வீட்டுக்குள் வந்த கைபேசி, பாடம் முடிந்த பிறகும் எங்கள் கையை விட்டு இறங்கவில்லை. 2021 நவம்பர் 1ஆம் நாள் எங்கள் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. அன்று பேருந்தில் நாங்கள் பேசிய முதல் பேச்சு, “நீ எத்தனையாம் நாளில் தப்பினாய்?” என்பதுதான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கொரோனாவைப் பற்றிப் பேசுகிறோம் என்று எண்ணி, “பதினாலு நாள் ஆச்சும்மா எனக்கு” என்றார் பாருங்கள்!

விளையாடாத தோழியருக்காக ஆட்டத்தைச் சிறிது சொல்கிறோம். டிவிலோப்பர் என்ற பெயரில் ஆட்டங்கள் படைக்கும் ஒருவர் 2017இல் இதனை வெளியிட்டார். பூட்டிய வீடு ஒன்றில் நீங்கள் அடைபட்டுக் கிடக்கிறீர்கள். ஐந்து நாள் தவணை. சாவி, சுத்தியல், கம்பி வெட்டும் குறடு என்று அறைக்கு ஒன்றாய்ச் சிதறிக் கிடப்பவற்றைத் தேடி எடுத்து, வாசற்கதவின் பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியேற வேண்டும். கிழவி கையில் தடியுடன் வீட்டைச் சுற்றி வருவாள். அவளுக்கு எல்லாம் கேட்கும். கையிலுள்ள பொருள் தவறி விழுந்தால் கேட்கும், தரைப்பலகை கிறீச்சிட்டால் கேட்கும். கேட்ட இடத்துக்கு நேரே வந்துவிடுவாள். நீங்கள் கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ ஒளிந்துகொண்டு அவள் போகும்வரை அசையாமல் இருக்க வேண்டும். அவளைக் கொல்ல வழியே இல்லை. மயக்க அம்பு எய்தால் சற்று நேரம் காணாமல் போவாள், பிறகு வந்துவிடுவாள். ஓர் அடி பட்டால் ஒரு நாள் போயிற்று. ஐந்தும் போனால் ஆட்டம் முடிந்தது.

இதில் எங்களுக்கு முதலில் வியப்பாக இருந்தது ஒன்று உண்டு. நம் ஊர்ப் பேய்கள் எப்படிப்பட்டவை? மோகினி வந்தால் சலங்கை ஒலிக்கும், மல்லிகை மணக்கும். கொள்ளிவாய்ப் பிசாசு வாயில் நெருப்போடு தூரத்திலேயே தெரிந்துவிடும். தன் வருகையைத் தானே அறிவித்துக்கொண்டு வரும் நாகரிகமான பேய்கள்! நமக்கும் வேப்பிலை, இரும்பு ஆணி, விளக்குமாறு, பழஞ்செருப்பு என்று ஆயுதங்கள் எத்தனையோ உண்டு. கறிச்சோறு கொண்டு போனால் கூடவே ஒரு துண்டு கரி. இந்த ஆட்டத்திலோ எல்லாம் தலைகீழ். ஓசை எழுப்புவது பேயன்று, நாம். காத்திருப்பது நாமன்று, பேய். கையில் வேப்பிலையும் கிடையாது. அடங்கி இருப்பது ஒன்றே ஆயுதம்.

“அதனால்தான் இந்த ஆட்டத்தில் பெண்பிள்ளைகள் ஜெயிக்கிறோம்” என்றாள் எங்களுள் ஒருத்தி. “அடி வைப்பது தெரியாமல் நட, கதவை அறைந்து சாத்தாதே, பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வை என்று நமக்குப் பத்து வருஷமாகப் பயிற்சி நடக்கிறது. என் அண்ணன் முதல் நாளே அடிபட்டுச் செத்தான்.” இன்னொருத்தி இதை ஒப்பவில்லை. அவள் வீட்டில் சத்தம் போட்டே வளர்ந்தவள். ஆட்டத்திலும் அப்படியே. வேண்டுமென்றே ஒரு பூச்சாடியைத் தள்ளிவிடுவாள். கிழவி அந்த அறைக்கு ஓடுவாள். இவள் மறு அறை வழியாக இறங்கி வாசலுக்குப் போய்ப் பூட்டைத் திறப்பாள். கிழவிக்குக் காது கூர்மை, ஆனால் கேட்டது மெய்யா பொய்யா என்று எண்ணிப் பார்க்கும் அறிவு இல்லை என்பது அவள் கட்சி. எங்களில் மிக விரைவாகத் தப்பியவளும் அவள்தான். ஆகவே அடங்கி இருப்பது ஒன்றே ஆயுதம் என்று மேலே எழுதியதை அவள் அடிக்கச் சொன்னாள். மற்ற நால்வரும் கூடாது என்றோம். அப்படியே விட்டிருக்கிறோம்.

மூன்றாமவள் சொன்னது எங்களை யோசிக்க வைத்தது. ஆட்டத்தில் ‘பயிற்சி’ என்று ஒரு நிலை இருக்கிறது. அதில் கிழவியே வரமாட்டாள். வீட்டைச் சுற்றிப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். பயந்த சுபாவமுள்ள அவள் அதில்தான் தொடங்கினாள். “அதுதான் எல்லாவற்றையும் விடப் பயம்” என்கிறாள். வரமாட்டாள் என்று தெரிந்தும் ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் கை வியர்த்ததாம். கிழவி வரும் நிலைக்குப் போன பிறகுதான் அவளுக்கு நிம்மதி. இருக்கிறாள் என்று தெரிந்தால் எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் போதுமல்லவா?

கேட்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. வீட்டார் உறங்கும் நேரத்தில் ஒலியை நிறுத்திவிட்டு இந்த ஆட்டத்தை ஆட முடியாது. ஆடினால் கிழவி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது தெரியாது. எங்களிடம் இருந்ததோ ஒரே ஓர் இயர்போன். இருவர் ஆளுக்கொரு காதில் வைத்துக்கொள்வோம். இடக்காதுக்காரிக்கு வீட்டின் இடப்பக்கம், வலக்காதுக்காரிக்கு வலப்பக்கம். “என் பக்கம் வருகிறாள்” “இல்லையடி, என் பக்கம்” என்று கிசுகிசுத்து ஆடிய அந்த ஆட்டம் தனியே ஆடியதை விட நூறு மடங்கு இனித்தது. 2019இல் வந்த இரண்டாம் பாகத்தில் தாத்தா ஒருவரும் சேர்ந்துகொண்டார். அவருக்குக் காது மந்தம், அடிதான் பலம். எங்கள் தெருவில் அப்படிப்பட்ட தாத்தாக்கள் இருவர் உண்டு. பெயர் சொல்ல மாட்டோம்.

கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் படித்துக்கொண்டு ‘ஈவில் நன்’ பற்றி எழுதாமல் விட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். ஸ்பெயின் நாட்டுக் கெப்லேரியன்ஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆட்டம் அது. பாழடைந்த பள்ளிக்கூடம், அதில் மேடலின் என்னும் பொல்லாத சிஸ்டர், கையில் பெருஞ்சுத்தியல். நாம் தப்ப வேண்டும். இதை ஆடலாமா கூடாதா என்பதில் எங்களுக்குள் பெரும் பிளவு. “நம்மை வளர்ப்பவர்களைப் பேயாகக் காட்டுவதை ரசிப்பது நன்றிகெட்ட செயல்” என்று இருவர் தொடவே மறுத்துவிட்டனர். மற்ற மூவர் ஆடினோம். ஆடியதில் ஒன்று தெரிந்தது: அதைப் படைத்தவர்கள் சிஸ்டர்மாரின் கீழ் படித்தவர்களாக இருக்க முடியாது. மேடலின் தடதடவென்று நடந்து வருகிறாள். எங்கள் சிஸ்டர்மார் ரப்பர் செருப்பில் பூனை போல் வருவார்கள். பின் பெஞ்சிலிருந்து “அந்தத் தாளை இப்படிக் கொடு” என்ற குரல் கேட்டால்தான் வந்ததே தெரியும். விடுதி மாணவியரைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். ஒரு நாள் துணிந்து எங்கள் சிஸ்டர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினோம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். “இவ்வளவு பெரிய சுத்தியலையா? எனக்கு விடைத்தாள் கட்டைத் தூக்கினாலே தோள் வலிக்கிறது” என்றார். பிறகு, “நாளை கணக்குத் தேர்வு, தெரியுமல்லவா?” என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கேள்வி மேடலினின் சுத்தியலை விடக் கனமாக விழுந்தது.

பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த அண்ணன் ஒருவரின் மடிக்கணினியில் ‘அரகாமி’ பார்த்தோம். பார்சிலோனாவின் லின்ஸ் வொர்க்ஸ் 2016இல் வெளியிட்டது. அதில் பேய்க்கு அஞ்சி ஒளிவதில்லை, நாமே பேய். யாமிகோ என்னும் சிறைப்பட்ட பெண் அழைத்ததால் எழுந்து வந்த நிழல் வீரன். நிழலிலிருந்து நிழலுக்குத் தாவுவான். இருளில் நின்றால் ஆற்றல் ஊறும். வெளிச்சம் பட்டால் வற்றிப்போகும். ஒரே இரவுக்குள், விடிவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும். வழியில் உள்ள காவலர் எல்லோரையும் வெட்டியும் போகலாம், ஒருவரையும் தொடாமலும் போகலாம். அண்ணன் வெட்டினார், நாங்கள் தொடாமல் போனோம். தொடாமல் போவதே கடினம். ஒரு காவலன் திரும்பி நடக்கும் ஏழெட்டு அடிக்காகச் சுவரோரம் காத்துக் கிடக்க வேண்டும். அந்த அண்ணன் பொறுமை இழந்து கணினியை மூடிவிட்டார். நிழல் வீரன் மட்டும் எங்கள் ஊரில் பிறந்திருந்தால் பாவம்! பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் பாதை முழுவதும் விளக்கு. கார்த்திகை வந்தால் 2,668 அடி உயரத்தில் 11 நாள் தீபம். தாவுவதற்கு ஒரு முழம் நிழல் அவனுக்கு எங்கே கிடைக்கும்?

பெண்பிள்ளை ஒருத்தி நாயகியாக வரும் நம் நாட்டு ஆட்டம் ஒன்றும் உண்டு. புனே நகரில் உருவாகி 2020இல் வந்த ‘ராஜி’. தம்பியைத் தேடிப் போகும் அக்காவின் கதை. ஆனால் அது முன்னால் நின்று போரிடும் ஆட்டம், பதுங்கும் ஆட்டமன்று. ஆகவே இங்கே வேண்டாம்.

இனி ஆயாவைப் பற்றி எழுத வேண்டும். எங்களுள் ஒருத்தியின் அப்பாவைப் பெற்ற ஆயா. வெள்ளைப் புடைவை, வெள்ளைத் தலை, கையில் கோல். பௌர்ணமி இரவுகளில் பாதையோரம் சுண்டல் விற்றுவிட்டு விடியும் முன் வீடு திரும்புவார். பேரன் ஒருவன், ஐந்து வயது. பிறந்தது முதல் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவன். சென்ற ஆண்டு ஒரு நாள் அவன் ஆயாவைக் கண்டதும் ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். மறுநாளும் அப்படியே. கிரானியைப் பார்த்து எழுந்த போலி ஆட்டங்கள் எத்தனையோ உண்டல்லவா? அவற்றுள் பெயர் தெரியாத ஏதோ ஒன்றைத் தெருப் பையன்கள் ஆடியதை அவன் எட்டிப் பார்த்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆயா அவனைத் திட்டவில்லை. கோல் ஓசைக்குத்தான் பிள்ளை மிரளுகிறான் என்று அறிந்ததும், கோலைத் திண்ணையிலேயே சாத்திவிட்டு வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கலானார். எழுபதைத் தாண்டியவர். ஒரு வைகறையில் அடுக்களைப் படியில் கால் இடறி விழுந்து முழங்கால் வீங்கிவிட்டது. அப்போதும், “புள்ள தூங்கறான், கத்தாதீங்க” என்றாராம்.

இதைக் கேட்ட அன்று நாங்கள் ஐவரும் அந்த வீட்டுக்குப் போனோம். ஆட்டத்தையே அழித்துவிடுவோம் என்றாள் ஒருத்தி. அழித்தால் அவன் மனத்தில் உள்ளது அழியுமா என்றாள் மற்றொருத்தி. பேசிப் பேசிக் கடைசியில், ஆயாவுக்கே கிரானியைக் காட்டுவது என்று முடிவாயிற்று. பையன் கதவோரம் நின்றான். ஆயா கைபேசியை எட்ட வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி முழு ஆட்டத்தையும் பார்த்தார்.

“இவளுக்குச் சோறு யாரு ஆக்கறாங்க?” இதுதான் ஆயாவின் முதல் கேள்வி. எங்களில் யாருக்கும் விடை தெரியவில்லை.

“ஒண்டியா கெடக்கற கிழவி வூட்டுல பூந்து, சாமானையெல்லாம் போட்டு ஒடச்சா, அவ தடிய எடுக்காம இன்னா பண்ணுவா?”

“இல்லை ஆயா, அவள்தான் நம்மைப் பிடித்து வந்து அடைத்து வைத்திருக்கிறாள்” என்று விளக்கினோம்.

“யாரு பாத்தது?” என்றார் ஆயா.

பையன் கதவை விட்டு இரண்டடி வந்தான். “ஆயா, நீ கிரானியா?”

“நான் உங்கப்பன பெத்தவடா. இவ யாரைப் பெத்தாளோ, கேட்டுச் சொல்லு.”

அவன் உண்மையாகவே எங்களிடம் வந்து கேட்டான். எங்களுக்குத் தெரிந்த கதையைச் சொன்னோம். அதற்குள் ஆயா கட்டிலுக்கு அடியில் ஒளிவதில் உள்ள குறைகளை எடுத்துச் சொல்லத் தொடங்கிவிட்டார். நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாதாம். அந்த வீட்டில் குதிர் இல்லை என்றதும், “அப்புறம் இன்னா வூடு அது” என்று கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டார்.

கோல் இப்போது மீண்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது. பையனே எடுத்துக் கொடுக்கிறான், ஆனால் பகலில் மட்டும். இரவில் ஆயாவின் பக்கத்தில் படுக்கிறான். விளக்கை அணைக்கக் கூடாது என்கிறான். வெளிச்சத்தில் ஆயாவுக்குத் தூக்கம் வராது. முந்தானையின் ஒரு முனையைத் தன் கண்மேல் போட்டுக்கொண்டு, மறு முனையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறார்.