பழையவர்கள் மேல் போட்ட பழி

பேராக்கில், பத்து காஜா ஊர்ப்பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துப் பாலம் என் கையால் கெட்டது. அந்தக் காலத்துக் கொத்து வேலை சரியில்லை, பாலத்துக்கும் வயதாகிவிட்டது என்று ஊருக்குச் சொன்னதும் நான்தான். சொன்னது பொய்.

சின்னப் பாலம். கரைச்சுவர் கருங்கல், மேலே செங்கல்லில் ஒற்றை வளைவு, இடையெல்லாம் சுண்ணாம்புக் காரை. ஒரு காலத்தில் பால் ஏற்றிய லாரி போனது; ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் குலை லாரிகள். ஒரு மழைக்குப் பிறகு காரை உதிரவும், கோயில் திருவிழாவுக்குள் சரிசெய்து தரச்சொல்லித் தோட்டத்து மக்கள் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஈப்போவில் கட்டடக் குத்தகையாளன்.

"சுண்ணாம்புதான் தம்பி, சிமெண்டு வேண்டாம்" என்றார் என்னிடம் வேலை பார்த்த வயதான கொத்தனார். எனக்குத் தெரியாததில்லை. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட இளக்கமானது. சுமையில் வளைவு அசைந்தால் அது இடம் கொடுக்கும்; உள்ளே இறங்கிய மழைநீர் அதன் வழியாகவே வெளிவந்து காயும். தேய்வது காரை, செங்கல் தப்பும். சிமெண்டு அப்படியில்லை. அது இறுகி அடைத்துக்கொண்டால் தண்ணீர் செங்கல்லுக்குள்தான் ஊறும். தெரிந்தும் சிமெண்டைப் போட்டேன். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, மெல்ல இறுகவிட்டால் திருவிழா தாண்டிவிடும், கூலியும் ஏறும். சுண்ணாம்புக்கல் மலைகள் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு, சிம்பாங் பூலாயில் அந்த மலைகளை உடைத்து ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்தேன். கரைச்சுவரில் நீர் வடிய விட்டிருந்த துளைகளையும் அழகுக்காகப் பூசி மூடினேன். அதுதான் பெரிய பாவம்.

திருவிழாவில் எனக்கு மாலை போட்டார்கள். பிறகு வந்த மழைகளில் செங்கல் தாள் தாளாக உரிந்து, வளைவு நடுவில் வெடித்தது. காரணம் கேட்டபோது பழியைப் பழையவர்கள் மேல் போட்டேன். கொத்தனார் பக்கத்தில்தான் நின்றார். என்னிடம் சம்பளம் வாங்குகிறவர், வாய் திறக்கவில்லை. என் பேச்சை நம்பிப் பாலத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட் வைத்தார்கள்.

அந்தப் பழையவர்கள் நம் ஆட்கள். அதே பத்து காஜாவில் வில்லியம் கெல்லி ஸ்மித்தின் மாளிகையை எழுப்பியதும் மதராஸிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களே. 1926-ல் துரை லிஸ்பனில் இறக்க, வேலை பாதியில் நின்றது. அவர்கள் கட்டிய வளைவுகள் இன்னும் நிற்கின்றன. திருநெல்வேலியில் 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலம், 11 வளைவுகளோடு தாமிரபரணியின் மேல் இன்றைக்கும் பேருந்தைச் சுமக்கிறது. இப்படிப்பட்ட கைகளுக்கு வேலை தெரியாது என்று சொன்னேன். மறுத்துப் பேச அவர்களில் எவரும் உயிரோடு இல்லை, அந்தத் துணிச்சலில் சொன்னேன்.

தோட்டத்து மக்களிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பேராக்கில் தோட்டத்துக் கோயிலையோ பழைய பாலத்தையோ பழுது பார்க்க ஆள் வைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் பழைய காரையைச் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்பாக இருந்தால் சுண்ணாம்பே கேளுங்கள். நாளாகும் என்று என்னைப் போன்ற ஒருவன் சொன்னால், திருவிழா முடிந்தபின் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.